வெறும் பீடத்தில் அமர்ந்த அழகு

1950ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2ஆம் நாள், பொழுது புலராத வேளையில், ஜப்பானின் பழந்தலைநகரமாகிய கியோத்தோவில் ஒரு கோயில் தீப்பற்றி எரிந்தது. கின்காகுஜி என்பது அதன் பெயர். பொற்கோயில் என்பது அதன் பொருள். 1397இல் அஷிகாகா யோஷிமிட்ஸு எனும் ஆட்சித் தலைவர் தம் ஓய்வு மாளிகையாக அதனை எழுப்பினார். அவர் மறைவுக்குப் பின்னர் அது ஜென் பௌத்த மடமாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டில் கியோத்தோவைச் சாம்பலாக்கிய உள்நாட்டுப் போர் அதனை விட்டுவைத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய நகரங்கள் பலவற்றை எரித்தழித்த அமெரிக்க விமானங்களும் அதனை விட்டுவைத்தன. பகைவர் எரிக்காத அக்கோயிலை எரித்தவன் யார்? அதே மடத்தில் பயின்றுவந்த இளந்துறவி ஒருவன்!

இச்செய்தி ஜப்பானை உலுக்கியது. ஆறாண்டுகள் கழித்து, 1956இல், யுகியோ மிஷிமா இதனையே கருவாகக் கொண்டு 'பொற்கோயில்' எனும் நாவலை எழுதினார். போருக்குப் பிந்திய ஜப்பானிய இலக்கியத்தைக் கற்போர் எவரும் அந்நாவலைக் கடந்து செல்ல இயலாது. அழகைக் காக்க வேண்டியவனே அதற்கு ஏன் தீயிட்டான்? இவ்வினாவுக்கு விடை காண, அந்நாட்டின் எழுத்தாளர்கள் அழகையும் ஆன்மாவையும் குறித்து அக்காலத்தில் என்ன எழுதினார்கள் என்பதை நாம் நோக்க வேண்டும். அது நமக்கும் பாடமாகக் கூடிய வரலாறு.

பீடம் வெறுமையான கதை

1945 மார்ச் 9ஆம் நாள் நள்ளிரவையொட்டித் தொடங்கிய ஒரே விமானத் தாக்குதலில் டோக்கியோ நகரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவும், 9ஆம் நாள் நாகசாகியும் அணுகுண்டுக்கு இரையாயின. 15ஆம் நாள் பேரரசர் ஹிரோஹிட்டோ வானொலியில் பேசினார். அவருடைய குரலை மக்கள் கேட்டது அதுவே முதல் முறை. நாடு பணிந்தது.

தோல்வியைக் காட்டிலும் ஆழமாகப் பாய்ந்த அடி பின்னர் வந்தது. பேரரசரைக் கதிரவத் தெய்வத்தின் வழித்தோன்றலென்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த நாடு அது. அவர் பெயரால் இலட்சக்கணக்கான இளைஞர் உயிர் துறந்திருந்தனர். 1945 டிசம்பரில், ஷிண்டோ மதத்தை அரசிடமிருந்து பிரிக்கும் ஆணையை நேச நாடுகளின் தலைமையகம் பிறப்பித்தது. 1946 ஜனவரி முதல் நாள் வெளியான அறிக்கையில், தம்மைக் கண்கண்ட தெய்வமாகக் கருதுவது பொய்யான கருத்து என்று பேரரசரே கூறிவிட்டார்.

மனிதனை மனிதன் வணங்குவதை நம் மார்க்கம் ஒருபோதும் ஏற்றதில்லை. ஆகவே அவ்வறிக்கையில் ஓர் உண்மை வெளிப்பட்டதென்றே நாம் கொள்வோம். ஆயினும், நேற்றுவரை நம்பியிருந்ததை ஒரே நாளில் இழந்த மக்களின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பொய்த் தெய்வம் பீடத்தை விட்டு இறங்கியது. மெய்யான ஒன்று அங்கே வந்து அமரவில்லை. வெறுமையாய்க் கிடந்த அப்பீடத்தில் ஜப்பானின் சிறந்த எழுத்தாளர்கள் சிலர் அழகைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள். அவர்களே, அழகால் அந்தப் பீடத்தில் நிலைத்திருக்க இயலாது என்பதையும் நேர்மையோடு எழுதி வைத்தார்கள். அவர்களுடைய பெருமையும் துயரமும் இதுவே என்பது நம் கருத்து.

வீழ்ச்சியைப் பாடியவர்கள்

தோல்விக்கு மறு ஆண்டின் ஏப்ரலில் ஆங்கோ ஸகாகுச்சி 'வீழ்ச்சி குறித்து' எனும் கட்டுரையை வெளியிட்டார். உயிரைத் துச்சமாக எண்ணிப் போருக்குப் புறப்பட்ட வீரன் இன்று கள்ளச்சந்தையில் வாணிகம் செய்கிறான். கணவனின் நினைவில் வாழ்வேன் என்ற விதவையின் நெஞ்சில் வேறொரு முகம் புகுந்துவிட்டது. இவர்கள் தோற்றதனால் வீழவில்லை, மனிதர்களாய் இருப்பதனால் வீழ்ந்தார்கள் என்பது அவர் வாதம். அடிமட்டம்வரை வீழ்ந்து தன்னைக் கண்டுகொண்டாலன்றி மனிதனுக்கு மீட்சியில்லை என்றும் அவர் எழுதினார். இளைஞர்கள் இதனை விடுதலை முழக்கமாகவே ஏற்றனர். பொய்ப் புனிதத்தை உரித்தெறிந்த துணிவு இக்கட்டுரையில் உண்டு. வீழ்ந்தவன் எதைப் பற்றி எழுவது என்பதற்கு விடை இல்லை.

அவ்விடையின்மை 1947இல் ஒஸாமு தஸாயின் 'சாயும் ஞாயிறு' நாவலாக உருவெடுத்தது. பிரபுப் பட்டங்கள் ஒழிக்கப்பட்ட ஆண்டு அது. டோக்கியோ வீட்டை விற்றுவிட்டு நாட்டுப்புறத்துக்குக் குடிபெயரும் ஒரு குடும்பத்தின் கதை. தாய் சூப்பு அருந்தும் விதத்தை மகள் கசுக்கோ வியந்து நோக்கும் காட்சியோடு நாவல் தொடங்குகிறது. எந்த ஒழுங்குமுறைக்கும் கட்டுப்படாத, ஆயினும் எவராலும் பின்பற்றவியலாத நளினம் அது. பழைய ஜப்பானின் அழகெல்லாம் அந்தத் தாயின் கை அசைவில் எஞ்சியிருக்கிறது. அத்தாய் காசநோயால் மறைகிறாள். போர்முனையிலிருந்து போதைப் பழக்கத்தோடு திரும்பிய மகன் நவோஜி தன்னையே மாய்த்துக்கொள்கிறான். கசுக்கோ, மணமான எழுத்தாளன் ஒருவனின் குழந்தையைச் சுமந்தபடி, அதனைத் தனித்து வளர்க்கத் துணிகிறாள். தாயின் நளினம் மக்களுக்கு ஒழுக்கமாகவோ ஊன்றுகோலாகவோ கைம்மாறவில்லை. கண்ணுக்கு இன்பமாயிருந்தது, கண் மூடியதும் அவளோடு போயிற்று. நாவலின் தலைப்பைக் கொண்டே, நொடித்துப்போன மேட்டுக்குடியினருக்கு ஒரு புதுப்பெயர் ஜப்பானிய மொழியில் வழங்கலாயிற்று.

தஸாய் 1948இல் 'மனிதத் தகுதி இழந்தவன்' எனும் நாவலை எழுதி முடித்தார். அவ்வாண்டு ஜூன் 13ஆம் நாள், முப்பத்தொன்பதாம் வயது நிறையும் முன்னரே, தாமாக உயிரை முடித்துக்கொண்டார்.

தேநீர்க் கிண்ணத்தில் படிந்த கறை

யசுனாரி கவாபாட்டா 1899இல் பிறந்தவர். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, பாட்டியும் பாட்டனும் அடுத்தடுத்து மறைய, பதினைந்தாம் அகவையில் தனித்து நின்றவர். தோல்விக்குப் பின்னர், இனி ஜப்பானின் பழந்துயரத்தையும் அழகையும் அன்றித் தமக்கு எழுத வேறில்லை என்ற உணர்வோடு அவர் எழுதலானார்.

அவருடைய 'ஆயிரம் நாரைகள்' 1949 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. தேநீர் விருந்தைச் சுற்றி அமைந்த கதை. ஜப்பானில் தேநீர் அருந்துதல் வெறும் உபசாரமன்று. பதினாறாம் நூற்றாண்டில் ஸென் நோ ரிக்யூ எனும் ஆசான் செம்மைப்படுத்திய ஆன்மிகப் பயிற்சி. இணக்கம், மரியாதை, தூய்மை, அமைதி ஆகிய நான்கும் அதன் தூண்கள். எளிய குடிசை, தாழ்ந்த வாயில், கரடுமுரடான மண் கிண்ணம். வாளேந்திய வீரனும் வாளை வெளியே வைத்துவிட்டுத் தலைகுனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும்.

கவாபாட்டாவின் நாவலில் அச்சடங்கு என்ன ஆயிற்று? இறந்த தந்தையின் முன்னாள் ஆசைநாயகியர் இருவர். ஒருத்தி தேநீர் விருந்தைப் பெண் பார்க்கும் சூழ்ச்சிக்குக் கருவியாக்குகிறாள். மற்றவள், இறந்தவரின் மகன் கிகுஜியிடமே தன் பழைய காதலைத் தேடுகிறாள். பின்பு குற்ற உணர்வு தாளாமல் மாய்கிறாள். நானூறு ஆண்டுப் பழமையுடைய கிண்ணங்கள் கணவனிடமிருந்து காதலனுக்கும், காதலனிடமிருந்து காதலிக்குமாய்க் கைமாறுகின்றன. வெண்மையான ஒரு கிண்ணத்தின் விளிம்பில் மாண்டவளின் இதழ்ச் சாயம் கறையாய்ப் படிந்திருக்கிறது. கழுவினாலும் போகாத அக்கிண்ணத்தை அவளுடைய மகள் இறுதியில் கல்லில் மோதி உடைத்துவிடுகிறாள்.

கிண்ணங்கள் மாசற்றவை, அவற்றை ஏந்திய கைகளே மாசுற்றவை. தேநீர்ச் சடங்கின் அழகைப் போற்றி எழுதிய நாவலென்று இதனைப் பலர் கருதியபோது, அச்சடங்கு இழிந்துவிட்டதைக் குறித்த ஐயமும் எச்சரிக்கையுமே அது என்று கவாபாட்டா தம் நோபல் உரையில் விளக்கினார்.

'மலையின் ஓசை' எனும் நாவல் இன்னும் நுட்பமானது. அறுபத்திரண்டு வயதான ஷிங்கோ, ஓர் இரவில் வீட்டின் பின்னுள்ள மலை முழங்கக் கேட்கிறார். அதனைச் சாவின் அழைப்பென்று அஞ்சுகிறார். போரிலிருந்து மீண்ட அவர் மகன் உடலில் ஊனமற்றவன்; உள்ளத்திலோ ஏதோ இறந்துவிட்டது. மனைவியைப் புறக்கணித்து, போரில் கணவனை இழந்த ஒருத்தியோடு தொடர்பு கொண்டிருக்கிறான். மனைவி தன் கருவைக் கலைத்துவிடுகிறாள். ஷிங்கோவோ மருமகளின் கழுத்தழகையும், தோட்டத்துச் சூரியகாந்தியையும், பழைய நோ நாடக முகமூடியையும் கண்டு கண்டு உருகுகிறார். மகனை நெறிப்படுத்த அவரால் இயலவில்லை. அழகை இத்துணை நுண்மையாய் உணரத் தெரிந்த ஒருவர், தம் வீட்டில் நிகழும் அநீதியின் முன் செயலற்று நிற்கிறார்!

1960இல் தொடங்கிய 'துயிலும் அழகியர் இல்லம்' எனும் கதையில் இப்போக்கு எல்லையைத் தொடுகிறது. மருந்தால் ஆழ்ந்து உறங்கவைக்கப்பட்ட இளம் பெண்களின் அருகில், காசு கொடுத்து இரவைக் கழிக்கும் முதியவர்களின் கதை அது. அப்பெண்கள் கண் விழிப்பதில்லை. தங்கள் அருகிலிருப்பவர் யார் என்பதையும் அறிவதில்லை. ஓரிரவு அவர்களுள் ஒருத்தி இறந்துவிடுகிறாள். இல்லத்தின் தலைவியோ, மற்றொருத்தி இருக்கிறாளே என்று முதியவரைத் தேற்றுகிறாள். திருப்பிப் பார்க்காத, எதுவும் கேட்காத, கணக்குக் கோராத அழகு! மனிதன் பார்க்கிறான், அவனைப் பார்ப்பார் எவருமில்லை. இந்நிலையை இத்துணை அச்சமூட்டும் வகையில் உலக இலக்கியத்தில் சொன்னவர் சிலரே.

எரித்தவனும் எரிந்தவரும்

இனி மிஷிமாவின் பொற்கோயிலுக்கு வருவோம். கதை சொல்லும் மிசோகுச்சி திக்குவாயன். சொல் அவனுக்கும் உலகுக்கும் இடையே பூட்டிய கதவாய் நிற்கிறது. பொற்கோயிலைவிட அழகான பொருள் இவ்வுலகில் இல்லை என்று தந்தை சொல்லக் கேட்டே வளர்ந்தவன். நேரில் கண்டபோது அது பழைய, கறுத்த, மூன்றடுக்குக் கட்டடமாய்த் தோன்றி ஏமாற்றுகிறது. ஆயினும் மனத்திலிருந்த கோயில் மறையவில்லை. நாளுக்கு நாள் வளர்கிறது. போர்க்காலத்தில் அவன் மகிழ்ச்சியாகவே இருக்கிறான். ஏன்? குண்டு விழுந்தால் தானும் கோயிலும் ஒருசேர எரிவோம். அழியாதது என்று அஞ்சிய அழகும் தன்னைப் போல் அழியக்கூடியதே என்ற ஆறுதல். குண்டு விழவில்லை, போர் முடிந்தது. கோயில் முன்னைப் போலவே அவனுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. அவன் வாழ்வை நோக்கி அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும், பெண்ணை நெருங்கும்போதும்கூட, கோயிலின் தோற்றம் குறுக்கே வந்து தடுக்கிறது. தான் வாழ வேண்டுமாயின் அது எரிய வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறான்.

சரணடைந்த நாளின் இரவில் மடத்தின் தலைவர் சொல்லும் ஜென் கதை ஒன்று நாவலில் உண்டு. அழகிய பூனைக்குட்டி ஒன்றுக்காகத் துறவியர் பூசலிட, ஆசான் நான்சென் அதனை வெட்டிவிடுகிறார். அதனைக் கேட்ட சீடர் ஜோஷு தம் காலணியைக் கழற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு வெளியேறுகிறார். அழகின் மீது பற்று வைப்பதன் ஆபத்தை ஜப்பானின் ஆன்மிக மரபு அறியாமல் இல்லை என்பதற்கு இது சான்று. ஆனால் தோல்வியைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல் இக்கதையை மட்டும் சொல்லும் அத்தலைவர், மறைவில் சிற்றின்பத்தில் திளைப்பவர். மரபு வாயில் இருந்தது, வாழ்வில் இல்லை. கோயில் எரிந்ததற்கு மாணவனின் மனநோய் மட்டுமே காரணமன்று என்று மிஷிமா இதன்வழி உணர்த்துகிறார்.

உண்மையில் தீயிட்ட இளைஞன், பின்புறமிருந்த குன்றில் உயிர்விட முயன்று காப்பாற்றப்பட்டான். சிறை சென்று, நோயுற்று, 1956இல் மறைந்தான். மகனின் செயலால் மனமுடைந்த அவன் தாய், காவல்துறையினரைச் சந்தித்துத் திரும்பும் வழியில் தன்னையே மாய்த்துக்கொண்டாள். நாவலின் மிசோகுச்சியோ கத்தியையும் நஞ்சையும் எறிந்துவிட்டு, புகைபிடித்தவாறு, வாழ்வோம் என்று எண்ணிக்கொள்கிறான். தம் பாத்திரத்துக்கு மிஷிமா வழங்கிய வாழ்வைத் தமக்கு வழங்கிக்கொள்ளவில்லை.

அவருடைய கடைசிப் படைப்பு 'வளத்தின் கடல்' எனும் நான்கு நாவல் தொகுதி. அத்தலைப்பு நிலவின் மேற்பரப்பிலுள்ள ஒரு சமவெளியின் பெயர். கடல் என்பது பெயர். அங்கே ஒரு துளி நீரில்லை! தொகுதியின் இறுதி நாவலின் தலைப்பு, வானவர்க்கு அழிவு நெருங்குவதைக் காட்டும் ஐந்து அறிகுறிகள் பற்றிய பௌத்த நம்பிக்கையிலிருந்து எடுத்தது. முடியிலுள்ள மலர் வாடும், ஆடை அழுக்குறும், வியர்வை அரும்பும், மேனியின் சிறப்பு மங்கும், இருந்த இடம் வெறுத்துப்போகும். நண்பன் மறுபிறப்பெடுத்து வருகிறான் என்று நம்பி வாழ்நாளெல்லாம் தேடிய ஹோண்டா, எண்பதாம் அகவையில், அந்நண்பனின் காதலியாயிருந்து துறவு பூண்ட மூதாட்டியைக் காணச் செல்கிறார். அப்படி ஒருவரைத் தாம் அறிந்ததே இல்லை என்கிறார் அவர். வண்டுகளின் ஒலி நிறைந்த தோட்டத்தில், நினைவும் அற்ற வெறுமையில், ஹோண்டா நிற்கிறார். நாவலின் முடிவில் உள்ள நாள் 1970 நவம்பர் 25. அந்நாளிலேயே மிஷிமா டோக்கியோவின் இச்சிகாயா படைத்தளத்துக்குச் சென்று, பேரரசரின் பழைய மாண்பை மீட்க வருமாறு படைவீரர்களை அழைத்தார். அவர்கள் எள்ளி நகையாடினர். பழைய சாமுராய் முறைப்படி அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 45. இறங்கிவிட்ட தெய்வத்தை மீண்டும் பீடத்தில் ஏற்ற முயன்ற செயல் அவ்வாறு முடிந்தது.

இரண்டு நோபல் உரைகள்

மிஷிமாவை இளமையில் ஆதரித்தவர் கவாபாட்டா. அவருடைய இறுதிச் சடங்குக்கும் அவரே தலைமை தாங்கினார். 1968இல், நோபல் பரிசு பெற்ற முதல் ஜப்பானிய எழுத்தாளராய் ஸ்டாக்ஹோமில் நின்று, 'அழகிய ஜப்பானும் நானும்' என்று அவர் உரையாற்றினார். அவ்வுரையில், 1927இல் தன்னுயிரை மாய்த்துக்கொண்ட அக்குடாகவாவைப் பற்றிப் பேசும்போது, உலகை எவ்வளவு வெறுத்தாலும் தற்கொலை மெய்ஞ்ஞானம் ஆகாது என்று தம் உடன்பாடின்மையைத் தெரிவித்தார். 1972 ஏப்ரல் 16ஆம் நாள் அவரும் எரிவாயுவால் இறந்து கிடந்தார். கடிதம் ஏதும் இல்லை. விபத்தென்று கூறியவர்களும் உண்டு. தற்கொலை என்பதே பலரின் கருத்து. தீர்ப்பு நம்முடையதன்று. உயிரைத் தந்தவனுக்கே அதனை எடுக்கும் உரிமை என்பது நம் நம்பிக்கை. ஒரு நெஞ்சின் இறுதி நாழிகையை அறிந்தவனும் அவன் ஒருவனே.

1994இல் நோபல் பரிசு பெற்ற கென்ஸபுரோ ஓயே, 'இருபொருள்படும் ஜப்பானும் நானும்' என்று தம் உரைக்குத் தலைப்பிட்டார். அது கவாபாட்டாவுக்கு அளித்த மறுமொழி. 1963இல் அவருக்கு மூளைக் குறைபாட்டோடு ஒரு மகன் பிறந்தான். மறு ஆண்டு அவர் எழுதிய 'சொந்த விவகாரம்' எனும் நாவலில் அத்தகைய குழந்தைக்குத் தந்தையாகும் இளைஞன், குழந்தை இறந்துவிடட்டும் என்று எண்ணி ஓடுகிறான். மதுவிலும் மாதிலும் ஒளிகிறான். இறுதியில் திரும்பிவந்து அதனை ஏற்கிறான். அழகற்றது என்று உலகம் ஒதுக்கும் ஒரு குழந்தையின் முகத்தின் முன் அவன் ஓட்டம் நிற்கிறது. ஓயே இறைநம்பிக்கையாளர் அல்லர். ஆயினும் அழகின் பீடத்தை விட்டு விலகி, மனிதனுக்கு மனிதன் ஆற்ற வேண்டிய கடனின் பக்கம் அவர் திரும்பினார். 2023இல் தம் 88ஆம் வயதில் அவர் மறைந்தார். மகன் ஹிக்காரி இசையமைப்பாளராய்ப் புகழ்பெற்றார்.

நாம் கொள்ள வேண்டியது

மிஷிமாவின் 'பொற்கோயில்' வெளிவந்த மறு ஆண்டு ஜப்பானில் வேறொரு நூல் வெளிவரத் தொடங்கியது. தோஷிஹிகோ இஸுட்சு எனும் பேரறிஞர் அரபு மூலத்திலிருந்து திருக்குர்ஆனை ஜப்பானிய மொழியில் பெயர்த்து, 1957, 58 ஆண்டுகளில் வெளியிட்டார். அவர் முஸ்லிம் அல்லர்; ஜென் சூழலில் வளர்ந்தவர். திருமறையின் அறச்சொற்களை ஆராய்ந்து தனி நூலும் படைத்தார். அவர் ஆராய்ந்த சொற்களுள் 'ஹஸன்' என்பதும் ஒன்று. அரபு மொழியில் அழகுக்கும் நன்மைக்கும் வேர் ஒன்றே. இறைவன் ஒவ்வொன்றையும் அழகுறப் படைத்தான் என்று கூறும் வினைச்சொல்லும், பெற்றோரிடம் நல்லவிதமாய் நடக்கப் பணிக்கும் 'இஹ்ஸான்' எனும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. கண்ணுக்கு அழகு ஒரு புறமும் கைக்கு அறம் மறுபுறமுமாய்ப் பிரிந்து நிற்க அங்கே இடமில்லை.

இஹ்ஸான் என்றால் என்ன என்று ஜிப்ரீல் (அலை) வினவியபோது, இறைவனைக் காண்பதே போல் அவனை வணங்குவது, நாம் அவனைக் காணாவிடினும் அவன் நம்மைக் காண்கிறான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். கவாபாட்டாவின் முதியவர்களுக்கு இல்லாமற்போனது இதுவன்றோ? அவர்கள் அழகைப் பார்த்தார்கள். தாம் பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வு அவர்களுக்கு இல்லை. பார்க்கப்படுகிறோம் என்பதை அறிந்தவனுக்கே அழகு அருளாகிறது. அறியாதவனுக்கு அது போதையாகவோ, மிசோகுச்சிக்கு ஆனது போல் பகையாகவோ முடிகிறது.

இவ்வளவும் கூறியபின் அவர்களை நோக்கி விரல் நீட்டிவிட்டு நாம் நிம்மதியாய் உறங்கலாமா? நல்லாடையும் நற்காலணியும் விரும்புவது பெருமையாகுமா என்று ஒருவர் கேட்டபோது, இறைவன் அழகுடையவன் என்றும் அழகை விரும்புபவன் என்றும் நபியவர்கள் மறுமொழி தந்தார்கள். முன்பகுதியை நாம் எடுத்தெழுதிச் சுவரில் மாட்டுகிறோம். உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாய்க் கருதுவதுமே பெருமை என்று அவர்கள் தொடர்ந்து கூறிய பின்பகுதியை மறந்துவிடுகிறோம். தம் பண்பாட்டின் வீழ்ச்சியை அயலாருக்கு மறைக்காமல் எழுதிய நேர்மை அந்த ஜப்பானியர்களிடம் இருந்தது. நம் மினாராக்களின் உயரத்தையும், எழுத்தணியின் நயத்தையும், இனிய குரலில் ஓதும் காரிகளையும் போற்றும் நாம், நம்மைப் பற்றி அத்துணை நேர்மையாய் எழுதியிருக்கிறோமா?

தொழுகையாளிகளைக் குறித்தே எச்சரிக்கும் ஒரு சிறு அத்தியாயம் திருமறையில் உண்டு. அதன் பெயர் 'மாஊன்'. அண்டை வீட்டார் இரவல் கேட்கும் சட்டி, வாளி, ஊசி போன்ற அன்றாடப் பொருள்கள் என்று விரிவுரையாளர்கள் அச்சொல்லுக்குப் பொருள் கூறுவர். கவாபாட்டா காட்டிய கிண்ணம் நானூறு ஆண்டுப் பழமையுடையது, விலைமதிப்பற்றது. ஏந்தியவர் ஒருவரையும் அது காக்கவில்லை. அண்டை வீட்டுக்கு நாம் இரவல் கொடுக்கும் சட்டி அழகற்றது, கரி பிடித்தது. இறைவனின் முன் நம் தொழுகைக்குச் சான்று சொல்ல வரப்போவது அதுதான் என்பதை நாம் மறவாதிருப்போமாக!